முந்திரி முதல் தேர்த்துகள் வரை

மதுரைச் சீமையிலும் காவிரிக் கரையிலும் நிலத்தையும் நெல்லையும் வரியையும் ஓலையில் எழுதிவைத்த ஊர்க்கணக்கர்களின் தொழில், பின்னங்களைப் பிசகின்றிக் கையாளும் திறமையை நம்பியே நடந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து வந்த அவர்கள், இருபதில் ஒரு பங்கை மா என்றும், எண்பதில் ஒரு பங்கைக் காணி என்றும், 320இல் ஒரு பங்கை முந்திரி என்றும் வழங்கினர். அதற்கும் கீழே இறங்க வேண்டியபோது முந்திரியையே முழு அளவாகக் கொண்டு மீண்டும் 320 கூறாக்கி, 1/102400 ஆகிய அப்பங்கைக் கீழ்முந்திரி என்றனர். தஞ்சைச் சோழர் கல்வெட்டுகள் நிலப்பரப்பை இத்தகைய கீழ்ப்பின்னங்களிலும் குறிப்பதால், இது ஏட்டளவில் நின்றுவிட்ட நுட்பம் அன்று.

1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் பகா எண்களுள் 2, 5 ஆகிய இரண்டே 102400இன் காரணிகள் என்பதால், அரையும் காலும் ஐந்தில் ஒன்றும் இம்முறையில் மீதியின்றி அமையும். மூன்றில் ஒன்றும் ஏழில் ஒன்றும் அமையா. கீழ்முந்திரிக்குக் கீழே கூறப்படும் வாய்பாடு இக்குறையைத் தீர்ப்பதுபோல் செல்கிறது: கீழ்முந்திரியில் 21இல் ஒன்று இம்மி, இம்மியில் 11இல் ஒன்று மும்மி, மும்மியில் 7இல் ஒன்று அணு என இறங்கி, நுண்மணல் என்னும் படியை ஆறரையால் வகுத்துத் தேர்த்துகளில் முடிகிறது. தேர்த்துகளின் பகுதி எண் 2323824530227200000000. இந்த 22 இலக்க எண்ணைப் பிரித்தால் 2இன் 22ஆம் அடுக்கு, 3இன் 5ஆம் அடுக்கு, 5இன் 8ஆம் அடுக்கு, 7இன் 4ஆம் அடுக்கு, 11, 13, 17 ஆகியவற்றின் பெருக்கமாக அது நிற்கிறது. 17 வரையுள்ள பகா எண்கள் ஒன்றுவிடாமல் இதில் இருப்பதும், அவற்றுள் 13 அந்த ஆறரையின் வழியாகவே நுழைந்திருப்பதும் வியக்கத்தக்கவை. நிலத்தில் எவரும் தேர்த்துகள் வரை அளந்திருக்க இயலாது. இப்படிகள் மாணவரின் நினைவாற்றலுக்கான பயிற்சி எனக் கொள்வதே பொருந்தும்.

தேர்த்துகளின் பகுதி எண்ணுக்கு 49680 வகுஎண்கள் உண்டு. எனினும், தன்னினும் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவுக்கு வகுஎண்களைக் கொண்ட எண்களைத் தனி இனமாக வகுத்து 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் விரிவாக ஆராய்ந்த கும்பகோணத்து இராமானுஜனின் வகைப்பாட்டில் இதற்கு இடமில்லை. அவ்வினத்தில் பெரிய பகா எண்ணின் அடுக்கு சிறியதன் அடுக்கை மிஞ்சக் கூடாது, இங்கோ 5இன் அடுக்கு 3இன் அடுக்கை மிஞ்சுகிறது. அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றினால், அதே 49680 வகுஎண்களுடன் இதனினும் சிறிய எண் ஒன்று கிடைத்துவிடும்.

இக்காரணிகளை அறிவதால் ஒரு பயனும் உண்டு. இன்று புழங்கும் பட்டியல்கள் சிலவற்றில், இவ்வாய்பாட்டின் இடைப்படிகளுள் ஒன்றான கதிர்முனையின் பகுதி எண் 489631109120000 எனக் காணப்படுகிறது. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 44 ஆதலால் அது மூன்றால் வகுபடாது, வாய்பாட்டின்படியோ இம்மிக்குக் கீழுள்ள ஒவ்வோர் எண்ணும் மூன்றால் வகுபட வேண்டும். முன்படியாகிய சிந்தையின் 74481555456000ஐ 20ஆல் பெருக்கினால் 1489631109120000 வருவதிலிருந்து, படியெடுத்தவர் கையில் முதலிலிருந்த 1 விடுபட்டது தெளிவாகிறது.