காவிரிக்கரை டாக்கீஸ் – அத்தியாயம் 14: அலிபாபாவின் சாயம்

படப் பெட்டி கொட்டகைக்கு வந்து சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1956 ஜனவரி 14. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வெளியான பொங்கல். முழு நீளமும் கலரில் வந்த முதல் தமிழ்ப் படம்.

எடுத்தவர் டி.ஆர்.சுந்தரம். பள்ளிபாளையத்துக்கு அவர் அந்நியர் இல்லை. திருச்செங்கோட்டு நூல் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பியவர். 1935-ல் சேலத்தில், ஏற்காடு அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைக் கட்டி எழுப்பியவர். பள்ளிபாளையம் அன்றைக்குத் திருச்செங்கோடு தாலுகா. நம்ம பக்கத்துக்காரர் எடுத்த படம் என்று தறிக்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொண்டு தரை டிக்கெட் வாங்கினார்கள். குகைக் கதவு திறந்தது. உள்ளே தங்கம், மணிகள், பட்டு. பானுமதியின் உடையில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக நின்றது. வஹீதா ரஹ்மான் வந்து ஒரு பாட்டுக்கு ஆடிவிட்டுப் போனார்.

அந்தக் குகையை இன்று நம் வீட்டு டிவியில் பாருங்கள். தங்கமும் செம்பழுப்பு, பட்டும் செம்பழுப்பு, எம்.ஜி.ஆரின் கன்னமும் செம்பழுப்பு. நாற்பது திருடர்களும் கொண்டுபோக முடியாத கலரைக் கொண்டுபோனது யார்?

இந்தக் கேள்வியோடு, சாயப்பட்டறையில் காலமெல்லாம் மாஸ்டராக இருந்து ஓய்ந்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் பள்ளிபாளையத்தில் போனேன். சின்ன வயதில் டெண்ட் கொட்டகையில் இந்தப் படத்தைப் பார்த்தவர். டிவிடியைப் போட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குகைக் காட்சி ஓடியது.

“படம் வெளுத்துப் போச்சுங்களா மாஸ்டர்?”

“வெளுக்கலீங்க தம்பி. வெளுத்தா எல்லாக் கலரும் ஒண்ணாப் போவும். இதுல நீலம் மட்டும் ஓடிப்போயிருக்குது. அதான் செவப்புத் தூக்கலாத் தெரியுது. அந்தத் திருடன் போத்தியிருக்கற கருப்புத் துணியப் பாருங்க. கருப்பாவா இருக்குது? மூணும் சேந்தாத்தானுங்க கருப்பு.”

ஒரு லேப்காரர் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கும் விஷயத்தை அவர் ஒரு துணியைக் காட்டி முடித்துவிட்டார். கலர் பிலிமும் நூல் மாதிரிதான், சாயம் ஏற்றிய சரக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு: நீலப்பச்சையான சியான், மெஜந்தா, மஞ்சள். மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் பலவற்றில் முதலில் தளர்வது சியான். சியான் போனால் சிவப்பு தலைதூக்கும். கிடங்கில் சூடும் ஈரமும் இருந்தால் இன்னும் சீக்கிரம். சேலத்துச் சித்திரை வெயில் இதற்கு எவ்வளவு பகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சுந்தரம் தேர்ந்தெடுத்தது கேவாகலர். பெல்ஜியத்தின் கேவார்ட் கம்பெனி தயாரித்த பிலிம். சாயம் ஓடாத டெக்னிகலர் அப்போதே இருந்ததே என்று இன்று உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்டுவிடலாம். அதற்குத் தனிக் காமிரா வேண்டும், வெளிநாட்டு லேப் வேண்டும். 1953-ல் சோராப் மோடி ‘ஜான்சி கி ராணி’யை டெக்னிகலரில் எடுக்க ஹாலிவுட்டிலிருந்து ஒளிப்பதிவாளரை வரவழைத்தார். பணத்தைக் கொட்டியும் படம் விழுந்தது. கேவாகலரைக் கையில் இருக்கிற காமிராவிலேயே ஓட்டலாம், கழுவுவதற்குப் பெட்டி பம்பாய் வரை போனால் போதும். காசையும் கால்ஷீட்டையும் கணக்குப் பார்த்துப் படம் எடுத்த முதலாளிக்கு வேறு வழி கிடையாது. அவர் எடுத்த முடிவை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் தமிழுக்குக் கலர் இன்னும் சில காலம் கழித்துத்தான் வந்திருக்கும்.

மாஸ்டர் சொன்னதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சாயம் ஓடியது எதில்? காமிராவுக்குள் ஓடிய மூல நெகட்டிவிலா, அல்லது கொட்டகை கொட்டகையாகச் சுற்றிய பிரிண்டிலா? பிரிண்டில் மட்டும் என்றால் அலிபாபா இன்னும் உயிரோடு இருக்கிறார். நெகட்டிவிலும் என்றால்?

அதற்குள் போகுமுன் 1982-க்கு வர வேண்டும். இந்தத் தொடரில் இவ்வளவு கொடுமையாகப் பொருந்தி வந்த ஆண்டு வேறில்லை. சுந்தரம் 1963-லேயே காலமாகிவிட்டார். மகன் ராமசுந்தரம் தொடர்ந்து நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், நூறு படங்களுக்கு மேல் கொடுத்த கம்பெனி, 1982-ல் தயாரிப்பை நிறுத்தியது. அதே 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. பின்னாலேயே வீடியோ டெக் வந்தது. படங்களை வீட்டுக்குள் கொண்டுபோகும் கருவி வந்து சேரும்போது, அந்தப் படங்களுக்கு வீட்டுக்காரராக நின்று கேள்வி கேட்க வேண்டிய ஸ்டூடியோ கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

டெக் காலத்துப் பள்ளிபாளையத்தை இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். பண்டிகை என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். தெருவில் பாய் விரித்து விடிய விடிய மூன்று படம். அதில் ஒன்று கட்டாயம் எம்.ஜி.ஆர். படம். கேசட்டில் தெரிந்த படத்துக்கு இருநூற்றைம்பது கோடு அளவுகூடத் துல்லியம் கிடையாது. அதிலும் தெருவுக்கு வந்தது நகலின் நகல். யாரும் குறை சொல்லவில்லை. எம்.ஜி.ஆர். தெரிந்தார், பாட்டு கேட்டது, அது போதுமாக இருந்தது.

பிலிமிலிருந்து வீடியோவுக்கு மாற்றும் வேலைக்கு டெலிசினி என்று பெயர். அதில் எதை ஏற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெகட்டிவை ஏற்றினால் இருட்டுக்குள் இருக்கும் முகமும் கிடைக்கும், வெளிச்சத்தில் இருக்கும் மேகமும் கிடைக்கும். கொட்டகையில் ஓட்டுவதற்காகப் போட்ட பிரிண்டில் வெளிச்சமும் நிழலும் ஏற்கெனவே அழுத்தமாக ஏறியிருக்கும். அதை ஏற்றினால் நிழல் முழுக்கக் கரியாகிவிடும். நம் பழைய படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏறியது பிரிண்ட்தான். வட்டைப் போட்டுப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்கலாம். ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். அது முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையைக் கவனியுங்கள். ஒரு வட்டப் புள்ளி மின்னி மறையும், சில விநாடி கழித்து இன்னொன்று. அடுத்த மெஷினை ஓட்டு என்று ஆபரேட்டருக்குக் கொடுக்கும் அடையாளம் அது. அதே இடத்தில் படம் ஒரு குதி குதிக்கும், பேசிக்கொண்டிருக்கும் வசனம் பாதியில் அறும். அறுந்த பிலிமை வெட்டி வெட்டி ஒட்டியதில் போன துண்டுகள் அவை. எங்கோ ஒரு ஊர்க் கொட்டகையில் அடிபட்ட பிரிண்ட் உங்கள் வீட்டு டிவிடிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சத்தத்திலும் சேதம் உண்டு. சினிமா விநாடிக்கு 24 படம், நம் ஊர் டிவியின் பால் (PAL) முறை விநாடிக்கு 25. டெலிசினியில் அந்த ஒரு படத்தை ஈடுகட்ட மொத்தத்தையும் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவார்கள். 160 நிமிடப் படம் ஏறக்குறைய 154 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு நிமிடம் போனால் போகட்டும் என்று விடலாம். சுருதி? அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். தன் பாட்டைத் தானே பாடிய பானுமதியின் அந்தக் கனத்த, திமிரான குரல் வட்டில் கொஞ்சம் மெலிந்து ஒலிப்பது இதனால்தான். ஏ.எம்.ராஜாவின் குழைவும் அப்படியே. இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்களுக்கு என்னவோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

அடுத்து வி.சி.டி. அகலத்துக்கு 352 புள்ளி, உயரத்துக்கு 288. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று வட்டு. ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிக் காட்சியை அதில் பாருங்கள். 1950-ல் எல்லிஸ் ஆர். டங்கன் தொடங்கி, அவர் அமெரிக்கா திரும்பிவிட, சுந்தரம் முடித்த படம். கட்டிய மனைவியைத் தள்ளிவிடுவதற்காகப் பாட்டுப் பாடி மலைமேல் அழைத்துப் போகிறான் எஸ்.ஏ.நடராஜன். பாட்டின் இனிமைக்கும் அவன் நெஞ்சில் இருப்பதற்கும் உள்ள தூரம்தான் அந்தக் காட்சியின் உயிர். அது தெரிய வேண்டிய இடம் அவன் கண்ணும், மாதுரி தேவியின் முகத்தில் சந்தேகம் நுழையும் அந்தக் கணமும். வி.சி.டி.யில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. நடக்க நடக்க முகம் சதுரம் சதுரமாக உடைகிறது. பாட்டு மட்டும் மிஞ்சியது. அந்தக் காட்சியை ஒரு பாட்டாக மட்டுமே தெரிந்த இரண்டு தலைமுறைகள் நம்மிடையே இருக்கின்றன. இதை நான் பெரிய இழப்பு என்கிறேன்.

2007-ல் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. அதற்கு முன் நூறு ரூபாய்க்கு மேல் விற்ற சரக்கு. காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனவர்கள் பை நிறைய வாங்கி வந்தார்கள். விலை குறைந்ததில் எனக்கு மனக்குறை துளியும் இல்லை. கூலித் தறி ஓட்டும் வீட்டில் ஒரு படப் பெட்டகம் உருவானது நல்ல காரியம். மனக்குறை வேறு இடத்தில். திருட்டு வட்டாகவும் இல்லாமலும் மூன்று படத்தை ஒரே டிவிடியில் திணித்து விற்றார்கள். ஒரு படத்துக்கே பற்றும் பற்றாததுமான இடத்தை மூன்றாகக் கூறு போட்டால் எது மிஞ்சும்? யாரும் திரும்ப நெகட்டிவைத் தேடிப் போகவில்லை. கேசட்டுக்கு எடுத்ததே வி.சி.டி.க்கு, அதுவே டிவிடிக்கு, அதுவே இன்று போனுக்கு.

அப்படியென்றால் நெகட்டிவ்?

கம்பெனி நின்றபின் ஒவ்வொரு படத்தின் உரிமையும் ஒவ்வொரு திசைக்குப் போகும். நெகட்டிவ் லேப் கிடங்கில் கிடக்கும். வாடகை கட்ட ஆளில்லாத டப்பாவின் கதி எல்லா ஊரிலும் ஒன்றுதான். 1950 வாக்கு வரை பிலிம் நைட்ரேட்டில் வந்தது. அது பட்டென்று தீப்பிடிக்கும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கி விற்கப்பட்ட படங்களுக்குக் கணக்கில்லை. பின்னால் வந்த அசிடேட் அப்படி எரியாது, ஆனால் புளிக்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கும். பிலிம் சுருங்கி, வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புனேயில் 1964-ல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கி, பி.கே.நாயர் ஊர் ஊராக அலைந்து சேகரித்தார். அங்கேயும் 2003 ஜனவரியில் நைட்ரேட் சுருள்கள் எரிந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ மாடர்ன் தியேட்டர்ஸின் 1938 தயாரிப்பு. இன்று பார்ப்பதற்கு அதன் ஒரு பிரதிகூட இல்லை. சேலத்து ஸ்டூடியோவின் நுழைவு வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் நிற்கிறது.

இதையெல்லாம் சொன்னபோது மாஸ்டர் குறுக்கிட்டார். “ஓடுன சாயத்தத் திரும்ப ஏத்த முடியாதுங்க. ஆனா நூல்ல துளி ஒட்டியிருந்தா, எந்தச் சாயம் எந்த எடத்துல இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சுரலாம்.”

ஸ்கேனர் முன் உட்காரும் மறுசீரமைப்புக்காரர்கள் இன்று செய்வதும் அதுவே. மங்கிய அடுக்கில் மிச்சமிருக்கும் சியானைத் தனியே அளந்து, கம்ப்யூட்டரில் தூக்கிவிடுகிறார்கள். ஒரு துளியாவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2012-ல் ‘கர்ணன்’ படத்தைச் சுத்தம் செய்து திரையிட்டபோது மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். ஆக, பார்க்க ஆள் உண்டு, செய்யத் தொழில்நுட்பம் உண்டு. மூலம் மட்டும் கெட்டுக் கிடந்தால்? புளித்தோ, கருகியோ, உருகியோ கிடந்தால் என்ன செய்வது?

அதற்கு விடை தேடினால் வழி சேலத்தில் இல்லை, லண்டனில் இருக்கிறது. 1993 ஜூலை. சத்யஜித் ரேயின் ‘பாதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபூர் சன்சார்’ மூன்றின் மூல நெகட்டிவும் பாதுகாப்பாகப் புதுப்பிப்பதற்காக லண்டனில் ஹெண்டர்சன் லேபில் வந்து இறங்கியிருந்தன. அந்த லேபில் தீப்பிடித்தது. கருகிய டப்பாக்களை யாரும் குப்பையில் போடவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பி, இருபது ஆண்டு பூட்டி வைத்தார்கள். பிறகு அவை இத்தாலியின் போலோன்யா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு தொழில்நுட்பக்காரர் முதல் டப்பாவின் மூடியை நெம்பினார்.

உள்ளே இருந்தது சாம்பலா, படமா?

(தொடரும்)