டச்சு மரப்பதிப்பு மரச்சாமான்கள்

பல நிற மரங்களை மெல்லிய ஏடுகளாக அறுத்து, பூ, இலை, பறவை, பட்டாம்பூச்சி உருவங்களாக வெட்டி, ஓக் மரத்தில் கட்டிய உடலின் மேல் ஒட்டிச் செய்த அலமாரிகளும் மேசைகளும் நாற்காலிகளும் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. மார்க்கெட்ரி என்ற பிரெஞ்சுப் பெயரும் பரவலாக வழங்குகிறது. நெதர்லாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வளர்ந்த இந்தக் கலை, அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் உச்சத்தில் இருந்தது. பழம்பொருள் சந்தையில் இன்று இதே பெயரில் புழங்குபவற்றில் ஏராளமானவை 19ஆம் நூற்றாண்டில் பூ பதிக்கப்பட்டவை. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இதன் வரலாற்றை எழுத முடியாது.

மரத்தில் மரம் பதிக்கும் வேலையில் டச்சுக்காரர்களுக்கு முன்னோடிகள் இத்தாலியர்கள். 15ஆம் நூற்றாண்டில் அவர்கள் தேவாலய இருக்கைகளிலும் அரண்மனை அறைகளின் சுவர்ப்பலகைகளிலும் அந்த வேலையைச் செய்தார்கள். கட்டையில் குழி தோண்டி, வேறு நிற மரத்துண்டை அதில் இறுக்குவது பழைய முறை. மெல்லிய இழை கொண்ட நுண்ரம்பம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கைக்கு வந்ததும் வேலை மாறியது. பின்னணி ஏட்டையும் பூவுக்கான ஏட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து அறுத்தால், ஒன்றில் விழும் ஓட்டையில் மற்றதிலிருந்து வரும் துண்டு அப்படியே பொருந்தும். ஒரே அடுக்கிலிருந்து பல பூக்களும் கிடைக்கும்.

நெதர்லாந்தில் இது வேரூன்றப் பொருளியல் காரணங்கள் உண்டு. காடு குறைந்த அந்த நாட்டுக்கு ஓக் மரம் ரைன் ஆற்று வழியாகவும் பால்டிக் கடல் வழியாகவும் வந்தது. 1590களில் கொர்னேலிஸ் கொர்னேலிஸோன் காற்றாலையால் இயங்கும் மர அறுவை ஆலைக்கு உரிமம் பெற்ற பிறகு, பலகை அறுக்கும் செலவு குறைந்தது. 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கருங்காலியைக் கொண்டுவந்தன. 1638இல் அந்தக் கம்பெனி மொரீஷியஸில் குடியேற்றம் அமைத்ததற்குக் கருங்காலிக் காடுகளும் ஒரு காரணம்.

முதலில் மேலோங்கியது பூ அல்ல, கறுப்பு. ஆம்ஸ்டர்டாமில் கருங்காலி வேலைக்குப் பேர்போன ஹெர்மன் டோமர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். கருங்காலி ஏட்டின் மேல் சிப்பியின் முத்துப்பூச்சைப் பதித்து அவர் செய்ததாகக் கருதப்படும் பெரிய அலமாரி ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. 1640இல் ரெம்பிராண்ட் தீட்டிய அவருடைய உருவப்படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. ஒரு தச்சரின் முகம் இவ்வளவு மதிப்போடு காக்கப்படுவது அரிது.

மரத்தில் பூ வரையும் கலையைப் பெரிய அளவில் முன்னெடுத்த டச்சுக்காரர் பாரிஸில் வேலை செய்தார். வட ஹாலந்தின் பெர்கனில் பிறந்த பியர் கோல், பதினான்காம் லூயிக்கு அரசவைத் தச்சராக உயர்ந்தார். மன்னரின் தம்பிக்காக 1662 வாக்கில் தந்தப் பின்னணியில் பூக்கள் பதித்து அவர் செய்த அலமாரி இப்போது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பிரான்ஸுக்கே உரியதென்று கருதப்படும் பாணியைத் தொடங்கியவர்களில் ஒருவர் டச்சுக்காரர். பின்னாளில் அதே பாணி பிரெஞ்சு மோஸ்தராக ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்பி வந்தது.

ஆம்ஸ்டர்டாமில் இந்தக் கலைக்கு யான் ஃபான் மேக்கரனே தலைமகன். 1658இல் டீல் நகரில் பிறந்து 1733இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்த இவர், கையெழுத்திட்ட சாமான் எதையும் விட்டுச்செல்லவில்லை. ஒரே பூ வடிவங்கள் பல அலமாரிகளிலும் மேசைகளிலும் திரும்பத் திரும்ப வருவதை ஒப்பிட்டே ஆய்வாளர்கள் அவற்றை இவர் பட்டறையோடு சேர்க்கிறார்கள். உயரமான தாங்குகால்களின் மேல் நிற்கும் இரட்டைக் கதவு அலமாரி இவருடைய அடையாளம். கதவுகளை மூடினால் முன்பக்கம் முழுவதும் ஒரே பூங்கொத்து: டியூலிப், ரோஜா, கார்னேஷன் என்று டச்சு ஓவியர்கள் துணியில் தீட்டிய பூக்களெல்லாம் இங்கே மரத்தில்.

ஓவியர் தூரிகையால் செய்ததைத் தச்சர் எப்படிச் செய்தார்? வெளுப்புக்கு ஹோலி மரம், மஞ்சளுக்குப் பார்பெரி, ஆழ்ந்த பின்னணிக்குக் கருங்காலியோ ஈட்டியோ. பச்சை நிறத்தில் மரம் கிடைக்காததால் வெளிர்மரத்தைச் சாயத்தில் ஊறவைத்தார்கள். இதழின் நிழலுக்கோ சாயம் இல்லை: சட்டியில் மணலைச் சூடாக்கி, இதழ்த்துண்டின் ஓரத்தை மட்டும் அதில் நுழைத்து எடுப்பார்கள். மணலுக்குள் ஆழமாகப் போன விளிம்பு கருகிப் பழுப்பாகும். மேலே நின்ற பகுதி வெளிறியே இருக்கும். இடையில் நிறம் படிப்படியாகக் கரையும். ஒரு நொடி கூடினால் துண்டு கரியாகிவிடும். பிறகு துண்டுகளைக் காகிதத்தில் ஒட்டிச் சேர்த்து, சூடான வச்சிரப் பசை தடவிய ஓக் பலகையில் அழுத்தி, காய்ந்ததும் இழைத்து மெருகிடுவார்கள்.

இன்று அந்த அலமாரிகளைப் பார்ப்பவர்களுக்கு அவை தேன்நிறமும் பழுப்புமாகவே தெரியும். வெளிச்சம் சாயங்களைத் தின்றுவிட்டது. புதிதாக இருந்தபோது இலைகள் பச்சைப்பசேலென்றும் இதழ்கள் கண்ணைப் பறிக்கும் சிவப்பாகவும் இருந்தன. நாம் மெச்சும் அந்த அடக்கமான அழகு, செய்தவர் நினைத்த அழகல்ல.

1685இல் பிரான்ஸ் புராட்டஸ்டண்டுகளின் உரிமையைப் பறித்ததும் கைவினைஞர் பலர் வடக்கே ஓடிவந்தார்கள். 1689இல் ஆரஞ்சு இளவரசர் வில்லியமும் மேரியும் இங்கிலாந்தின் அரியணை ஏற, டச்சு ரசனை லண்டன் மாளிகைகளுக்கும் பரவியது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வால்நட் ஏடு ஒட்டிய, பூவில்லாத எளிய சாமான்கள் மேலோங்கின. வயிறு முன்தள்ளிய இழுப்பறைப் பெட்டிகளும் மேலே அலமாரி வைத்த எழுதுமேசைகளும் இந்தக் காலத்தவை. இவற்றில் பெரும்பாலானவை பிறந்தபோது பதிப்பு இல்லாதவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பதிப்பு வேலை மீண்டும் தலைதூக்கியது அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அப்போதும் முன்னணியில் நின்றவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள்: தி ஹேக் நகரில் அரசவைக்கு வேலை செய்த மத்தைஸ் ஹோரிக்ஸ், ஆம்ஸ்டர்டாமில் ஆந்திரீஸ் போங்கன். பாரிஸ் சாமான்களின் படையெடுப்பைத் தாங்காத ஆம்ஸ்டர்டாம் தச்சர்களின் புனித யோசேப்பு கில்டு, 1771இல் வெளிநாட்டு மரச்சாமான் விற்பனைக்குத் தடை வாங்கியது. தடைக்குப் பின்னால் உள்ளூரில் செழித்ததும் பிரெஞ்சுப் பாணிதான். 1790களில் வந்த மூடி பஃபே மட்டும் அசல் டச்சுச் சரக்கு: மேல்மூடியைத் தூக்கினால் உள்ளே மடித்த தட்டுகள் நிமிர்ந்து நிற்கும், கோப்பை கழுவ ஒரு தொட்டியும் இருக்கும்.

கம்பெனியின் ஆட்சி 1796 வரை நீடித்த இலங்கைக் கரையோரத்திலும் டச்சு வடிவங்களில் சாமான்கள் செய்யப்பட்டன. அங்குள்ள தச்சர்கள் முதிரையின் மஞ்சளையும் கருங்காலியின் கறுப்பையும் எதிரெதிரே வைத்தார்கள். அது இந்தக் கட்டுரையின் பூப்பதிப்பிலிருந்து வேறான மரபு; ஒன்றாக எண்ணக் கூடாது.

இரண்டாவது கதை 19ஆம் நூற்றாண்டுக்குரியது. பழம்பொருள் மோகம் ஐரோப்பாவில் பரவியபோது வாங்குபவர்கள் பூ கேட்டார்கள். வணிகர்களிடம் இருந்ததோ பூவில்லாத பழைய வால்நட், மஹோகனி சாமான்கள். பட்டறைகள் அந்த மேற்பரப்பைக் குடைந்து பூக்களை இறக்கின. நாற்காலிகள்தான் இதற்கு அதிகம் இரையாயின: முதுகுப்பட்டையிலும் முன்கால்களிலும் இடம் விடாமல் பூ. முற்றிலும் புதிய போலிகளும் கூடவே பெருகின.

இப்படிப் பின்னால் பதித்த பூவைக் கண்டுபிடிப்பது பழகினால் கடினமல்ல. பழைய வெடிப்பு பின்னணியில் ஓடிவந்து பூவின் விளிம்பில் நின்றுவிட்டால், வெடிப்புக்குப் பின் வந்தது பூ என்று சந்தேகிக்கலாம். சாமானின் கோடுகளோடு ஒட்டாமல் காலி இடத்தை நிரப்புவதற்கென்றே வைத்த பூவும் அப்படித்தான். இத்தகைய சாமான் உடலால் 18ஆம் நூற்றாண்டு, அலங்காரத்தால் 19ஆம் நூற்றாண்டு. இரண்டு தேதிகளையும் சொல்லி விற்றால் குற்றமில்லை. ஒரு தேதியை மறைத்தால் அது மோசடி. வாங்க நினைப்பவர், விலை பேசுவதற்கு முன் இரண்டு தேதிகளையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.