ட்ரையான் கவுன்ட்டி: பன்னிரண்டே வருடம் வாழ்ந்த ஒரு பெயர்

அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றால் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது என்ன? பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். யார்க்டவுனில் ஆங்கிலேயத் தளபதி சரணடைந்தார். சுபம். ஐந்து மார்க் கேள்விக்கு இது தாராளமாகப் போதும். நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன்.

அந்த ஐந்து மார்க் பதிலில் வராத ஒரு ஊரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊர் என்று சொல்வதைவிட கவுன்ட்டி என்று சொல்வதே சரி. நம்முடைய மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ட்ரையான் கவுன்ட்டி. நியூயார்க் காலனியில் 1772-ல் பிறந்தது, 1784-ல் பெயர் இழந்தது. இன்றைய அமெரிக்க வரைபடத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. அந்தப் பன்னிரண்டு வருடத்துக்குள் அங்கே நடந்ததைப் படித்தபோது, "அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடினார்கள்" என்ற ஒற்றை வரி எவ்வளவு அரைகுறையானது என்று புரிந்தது.

யார் இந்த ட்ரையான்?

வில்லியம் ட்ரையான் ஓர் ஆங்கிலேய அதிகாரி. 1765 முதல் 1771 வரை வட கரோலினாவின் கவர்னர். அங்கே வரிக்கொடுமையையும் அதிகாரிகளின் ஊழலையும் எதிர்த்துக் கிளம்பிய 'ரெகுலேட்டர்கள்' என்ற விவசாயிகளை 1771 மே மாதம் அலமான்ஸ் என்ற இடத்தில் படை நடத்தி அடக்கினார். அதே வருடம் நியூயார்க் கவர்னராக மாற்றப்பட்டார்.

வட கரோலினாவிலும் அவர் பெயரில் ஒரு கவுன்ட்டி இருந்தது. அதை 1779-ல் லிங்கன், ரதர்ஃபோர்டு என்று இரண்டாகப் பிரித்துப் பெயரையே எடுத்துவிட்டார்கள். ஆக ஒரே மனிதர் பெயரில் இரண்டு கவுன்ட்டிகள், இரண்டுமே காலி! நாம் பார்க்கப்போவது நியூயார்க்கில் இருந்ததை.

மோஹாக் பள்ளத்தாக்கு

நியூயார்க் நகரத்திலிருந்து ஹட்சன் ஆற்றோடு வடக்கே போனால் ஆல்பனி வரும். அதற்குச் சற்று வடக்கே மோஹாக் ஆறு மேற்கிலிருந்து வந்து ஹட்சனில் கலக்கிறது. அந்த ஆற்றின் இரு கரையும்தான் நம் கதைக்களம். வளமான மண். மேற்கே போகிற பாதையும் அதுதான்.

மண்ணுக்கு உரியவர்கள் மோஹாக் மக்கள். ஓனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா ஆகிய மக்களோடு சேர்ந்து 'ஆறு நாடுகள்' என்ற இரோகுவாய் கூட்டமைப்பில் இருந்தார்கள். பிறகு ஜெர்மானியர்கள் வந்தார்கள். ரைன் நதிக்கரையின் பாலட்டைன் பகுதியிலிருந்து போரும் பஞ்சமும் துரத்த, 1710-ல் நியூயார்க் வந்திறங்கிய ஏழைகள் இவர்கள். கப்பல்களுக்குத் தார் தயாரிக்க அரசு கூட்டிவந்தது. திட்டம் தோற்றுப்போனதால், 1720-களில் பலர் இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் பெற்றுக் குடியேறினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள், அயர்லாந்துக்காரர்கள், டச்சுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தார்கள்.

இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு ஜமீன்தார் போல வாழ்ந்தவர் வில்லியம் ஜான்சன். அயர்லாந்தில் பிறந்தவர். 1738-ல் தாய்மாமனின் நிலத்தைக் கவனிக்க இங்கே வந்தார். மற்ற வெள்ளையர் செய்யாத ஒன்றைச் செய்தார்: மோஹாக் மொழியைக் கற்றார், அவர்கள் சபையில் உட்கார்ந்து அவர்கள் வழக்கப்படி பேசினார். 1756-ல் வடபகுதிப் பூர்வகுடிகள் விவகாரங்களுக்கான அரசுப் பிரதிநிதி ஆனார். மோலி பிராண்ட் என்ற மோஹாக் பெண் அவருடைய வாழ்க்கைத் துணை. அவர்களுக்கு எட்டுக் குழந்தைகள். மோலியின் தம்பிதான் பின்னாளில் புகழ்பெற்ற மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்ட்.

ஜான்சனைப் பெரிய மகாத்மாவாக நினைத்துவிடக் கூடாது. பூர்வகுடிகளின் நண்பர் என்று பெயர் எடுத்த அதே ஆள்தான் அவர்களிடமிருந்து ஏராளமான நிலத்தையும் சேர்த்தார். 1768-ல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் வெள்ளையர் நிலத்துக்கும் பூர்வகுடிகள் நிலத்துக்கும் எல்லை பிரித்த ஒப்பந்தத்தை நடத்தியவரும் அவரே. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை பள்ளத்தாக்கில் எல்லோரும் எப்படியோ சேர்ந்து வாழ்ந்தார்கள்.

கவுன்ட்டி பிறந்தது

அதுவரை இந்தப் பகுதி முழுக்க ஆல்பனி கவுன்ட்டியின் கீழ் இருந்தது. ஒரு வழக்கு என்றால்கூட ஆல்பனிக்கு நடையாய் நடக்க வேண்டும். தனிக் கவுன்ட்டி வேண்டும் என்று ஜான்சன் வற்புறுத்தினார். 1772 மார்ச்சில் அது கிடைத்தது. புதிதாக வந்த கவர்னரின் பெயரையே வைத்தார்கள். தலைநகர் ஜான்ஸ்டவுன், அதாவது ஜான்சன் தானே உருவாக்கிய ஊர். அதே 1772-ல் அங்கே கட்டிய செங்கல் நீதிமன்றம் இன்றும் நிற்கிறது.

அந்த நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஜான்சனின் மருமகன் கை ஜான்சனும் நண்பர் ஜான் பட்லரும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வருடத்தில், நீதி சொன்னவர்களும் நீதி கேட்டு வந்தவர்களும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள்.

1774 ஜூலை 11-ல் பூர்வகுடித் தலைவர்களோடு நடந்த ஒரு சபைக்கூட்டத்தின்போது ஜான்சன் உடல்நலம் குன்றி அன்றே இறந்துபோனார். எல்லோரையும் பிடித்துவைத்திருந்த ஒரு கயிறு அறுந்தது.

ஊர் இரண்டானது

ஜெர்மானிய விவசாயிகளில் பலர் புரட்சிப் பக்கம் சாய்ந்தார்கள். அரசரைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை இருந்திருக்கும்? ஜான்சன் குடும்பத்தின் ஆதிக்கம் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுப் பிரச்சினை. அது பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜான்சனின் குடியானவர்களாக இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களில் பலர் அரசர் பக்கம். 1775-ல் கை ஜான்சனும் ஜான் பட்லரும் கனடா பக்கம் போனார்கள். 1776 மே மாதம் வில்லியம் ஜான்சனின் மகன் ஜான், ஆதரவாளர்களோடு காட்டு வழியாக மாண்ட்ரியலுக்குத் தப்பி, அங்கே ஒரு படைப்பிரிவை அமைத்தார். அதில் சேர்ந்தவர்களில் பலர் இதே கவுன்ட்டிக்காரர்கள்.

பூர்வகுடிகளின் கூட்டமைப்பும் பிளந்தது. மோஹாக்குகளும் செனெகாக்களும் பிரிட்டன் பக்கம் போக, ஓனைடாக்களில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள் பக்கம் நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஒருவரை ஒருவர் கொல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர்கள் அவர்கள்.

எல்லாம் வெடித்த நாள் 1777 ஆகஸ்ட் 6. பிரிட்டிஷ் படை ஸ்டான்விக்ஸ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. அதை மீட்க ட்ரையான் கவுன்ட்டியின் குடிப்படை, சுமார் 800 பேர், நிக்கோலஸ் ஹெர்க்கிமர் தலைமையில் புறப்பட்டது. கூடவே ஓனைடா வீரர்கள். படை வருகிற செய்தியை மோலி பிராண்ட் ஆள் அனுப்பி பிரிட்டிஷ் முகாமுக்குச் சொல்லிவிட்டார். ஒரிஸ்கனி என்ற இடத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள்.

சுற்றி வளைத்தவர்கள் யார்? பெரும்பாலும் மோஹாக்குகள், செனெகாக்கள், பிறகு ஜான் ஜான்சனின் ஆட்கள். அதாவது பழைய அண்டை வீட்டார். ஹெர்க்கிமரின் சொந்தத் தம்பியே பிரிட்டிஷ் பக்கம் இருந்தார். நடுவில் பெய்த பெருமழை ஒரு மணி நேரம் சண்டையை நிறுத்தியது. பிறகு மறுபடியும் கைகலப்பு, கத்தி, கோடரி. குண்டடிபட்ட காலோடு ஹெர்க்கிமர் மரத்தடியில் உட்கார்ந்து கட்டளை கொடுத்தார். பத்து நாள் கழித்து, கால் எடுக்கப்பட்டும் பிழைக்காமல் இறந்தார். குடிப்படையில் பாதிக்கு மேல் கொல்லப்பட்டோ, காயப்பட்டோ, பிடிபட்டோ போனார்கள்.

அதன் பிறகு பழிக்குப் பழி. பிரிட்டன் பக்கம் நின்றவர்கள் ஓனைடா கிராமத்தை எரித்தார்கள். ஓனைடாக்களும் புரட்சிக்காரர்களும் கனாஜோஹாரியில் மோலியின் வீட்டைச் சூறையாடினார்கள். ஜான்சனின் மாளிகையில் விருந்தாளிகளை உபசரித்த அந்த அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அகதியாய் ஓடினார். 1778 செப்டம்பரில் ஜோசப் பிராண்டின் படை ஜெர்மன் ஃபிளாட்ஸ் கிராமத்தை எரித்தது. அக்டோபரில் அமெரிக்கப் படை ஒனகுவாகா என்ற பூர்வகுடி ஊரை எரித்தது. நவம்பர் 11-ல் செர்ரி வேலி. அங்கே பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் முப்பது ஊர்மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி ஜான் பட்லரின் மகன் வால்டர். கொல்லப்பட்டவர்களில் ராபர்ட் வெல்ஸ் என்பவரின் குடும்பமும் உண்டு. அந்தக் குடும்பம் ஜான் பட்லருக்கு நெருங்கிய நட்பு. இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1779-ல் ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவில் சல்லிவன், கிளின்டன் தலைமையில் பெரும்படை இரோகுவாய் நாட்டுக்குள் புகுந்து சுமார் நாற்பது ஊர்களையும், அறுவடைக்கு நின்ற சோளத்தையும் எரித்தது. அதற்குப் பதிலடியாக 1780-ல் ஜான் ஜான்சனும் பிராண்டும் பள்ளத்தாக்கை எரித்தார்கள்.

1780 டிசம்பரில் கவுன்ட்டி நிர்வாகம் கொடுத்த கணக்கு இது: எரிந்த கட்டடங்கள் 700. வீட்டை விட்டுப் போன குடும்பங்கள் 354. இறந்தவர்கள் 197. கைதியாய்ப் பிடிபட்டவர்கள் 121. உழவில்லாமல் கிடந்த பண்ணைகள் 1,200. எதிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள் 613.

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். இறந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல். 'எதிரி' என்று எழுதப்பட்ட அந்த 613 பேரும் அதே ஊர்க்காரர்கள்.

இன்னொரு கொடுமை. பாடப்புத்தகத்தில் போரை முடித்துவைக்கும் யார்க்டவுன் சரணடைவு 1781 அக்டோபர் 19. ஜான்ஸ்டவுனில் சண்டை நடந்து ஆட்கள் செத்தது அக்டோபர் 25. செய்தி இங்கே வந்து சேரவில்லை.

பெயர் போனது, கூடவே வேறு என்னென்ன?

1779-ல் நியூயார்க் மாநிலம் துரோகிகளின் பட்டியல் ஒன்றைச் சட்டமாக்கி அவர்கள் சொத்தைப் பறிமுதல் செய்தது. ஜான் ஜான்சன், கை ஜான்சன் பெயர்களோடு வில்லியம் ட்ரையான் பெயரும் அதில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அந்தத் 'துரோகி'யின் பெயரைத் தாங்கித்தான் கவுன்ட்டி மேலும் ஐந்து வருடம் புரட்சிக்காகச் செத்துக்கொண்டிருந்தது. 1784 ஏப்ரலில்தான் மாற்றினார்கள். 1775 கடைசி நாளில் கியூபெக்கில் இறந்த தளபதி ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் பெயரை வைத்தார்கள். அது நியாயம்தான், யாருக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது.

ஆனால் அதே 1784-ல் நடந்த மற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய வருடம் பாரிஸில் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் பூர்வகுடிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தனக்காகப் போரிட்டவர்களை பிரிட்டன் மறந்தே போனது. 1784 அக்டோபரில் கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் பிராண்டின் மக்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். தங்கள் பெயரையே தாங்கி ஓடும் ஆற்றை விட்டு மோஹாக்குகள் போய்விட்டார்கள். மோலி 1796-ல் கனடாவின் கிங்ஸ்டனில் இறந்தார்.

சரி, தோற்ற பக்கம் நின்றார்கள், போனார்கள் என்று சொல்லலாம். ஜெயித்த பக்கம் நின்ற ஓனைடாக்கள்? 1784 ஒப்பந்தத்தில் அவர்கள் நிலம் அவர்களுக்கே என்று உறுதி கொடுத்தார்கள். நான்கே வருடத்தில், 1788-ல் நியூயார்க் மாநிலம் இன்னொரு ஒப்பந்தம் போட்டு பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களில் பலர் விஸ்கான்சினுக்கு இடம்பெயர்ந்தார்கள். ஒரிஸ்கனியில் சேர்ந்து ரத்தம் சிந்தியதற்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

பிறகு மாண்ட்கோமரி கவுன்ட்டியும் துண்டு துண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்றுக்கு 1791-ல் ஹெர்க்கிமர் பெயர் கிடைத்தது. 1838-ல் ஜான்ஸ்டவுனே பிரிந்து ஃபுல்டன் கவுன்ட்டிக்குள் போய்விட்டது. ட்ரையானின் பெயர் முழுக்க அழிந்ததா என்றால், அதுவும் இல்லை. நியூயார்க் நகரத்திலேயே ஃபோர்ட் ட்ரையான் என்ற பெரிய பூங்கா இன்றும் இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் அங்கே நடக்கப் போகிறார்கள்.

ஊரின் பெயரை மாற்றுவது சுலபம், ஒரு சட்டம் போதும். அந்தப் பெயர் இருந்த காலத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதும் பெயரோடு சேர்ந்து மறந்துபோனால்தான் சிக்கல். இனி "அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை வென்றார்கள்" என்று எங்காவது படித்தால், எனக்கு அந்த 613 என்ற எண்ணும், நிலம் இழந்த ஓனைடாக்களும் ஞாபகம் வருவார்கள். உங்களுக்கும் வந்தால் இதை எழுதியதற்கு அர்த்தம் உண்டு.