அவசரப்பட்டா அழுகிப்போகும் ஒரு வேர்

எனர்ஜி ட்ரிங்க் டின்னைத் திருப்பி, பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, ஜின்செங்ங்கிற பேரைப் பார்த்திருப்பீங்க. நம்ம ஊர்ல அமுக்கராவுக்கே 'இந்தியன் ஜின்செங்'னு லேபிள் ஒட்டி விக்கிறாங்க. அது வியாபாரத்துக்கு வச்ச பேரு. அமுக்கரா கத்தரிக்காய் குடும்பம். ரெண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நான் இன்னைக்குப் பேசப்போறது அசல் ஜின்செங் பத்தி. அதுலயும் சீனாவுல விளைஞ்சது இல்ல, அமெரிக்கக் காட்டுல விளைஞ்சது.

கதை ஒரு கடிதத்துல ஆரம்பிக்குது. 1709-ல் சீனப் பேரரசர் காங்ஷிக்காக வரைபடம் தயாரிக்கப் போன பியர் ஜார்டூ என்ற பிரெஞ்சு ஜேசு சபைப் பாதிரியார், மஞ்சூரியா பக்கம் இந்தச் செடியை நேர்ல பார்க்கிறார். 1711-ல் அதைப் படம் வரைஞ்சு விவரமா எழுதி அனுப்புறார். கூடவே ஒரு ஊகம்: இதே மாதிரி மலையும் காடும் இருக்கிற இன்னொரு இடம் கனடாதான், வேற எங்கயாவது இது வளர்ந்தா அங்கதான் வளரணும்.

அந்தக் கடிதத்தை மான்ட்ரியால் பக்கத்துல, மோஹாக் பழங்குடி மக்கள் நடுவுல இருந்த லாஃபிடோ என்ற இன்னொரு பாதிரியார் படிக்கிறார். மாசக்கணக்கா தேடி 1716-ல் ஒரு செடியைப் பார்க்கிறார். சிவப்பா பழுத்த பழம்தான் அவர் கண்ணுல பட்டது. தேடலுக்கு உதவிய ஒரு மோஹாக் பெண்கிட்ட காட்டினா, அவங்க உடனே அடையாளம் சொல்லிட்டாங்க. அவங்க மக்கள் எப்பவும் பயன்படுத்துற மருந்துதான் அது. எல்லாப் புத்தகத்துலயும் 'கண்டுபிடிச்சவர்' லாஃபிடோ. நான் படிச்ச எதுலயும் அந்தப் பெண்ணோட பேர் இல்லை.

அப்புறம் நடந்ததைச் சுலபமா ஊகிக்கலாம். பிரெஞ்சு வியாபாரிங்க கான்டன் துறைமுகத்துக்கு வேரை அனுப்பி நல்லா சம்பாதிச்சாங்க. 1750 வாக்குல விலை எகிறுச்சு, ஊரே காட்டுக்குள்ள போயிடுச்சு. இந்த வேரை இலையுதிர் காலத்துல தோண்டி, காத்தாட மெதுவா உலர்த்தணும். அவங்களோ மே மாசமே தோண்டி, அடுப்புல போட்டு வேகமா காய வச்சாங்க. சீன வியாபாரிங்க கைல எடுத்துப் பார்த்ததும் வேண்டாம்னுட்டாங்க. ரெண்டு மூணு வருஷத்துல சந்தை படுத்துடுச்சு. 'ஜின்செங் மாதிரி விழுந்துடுச்சு'ன்னு கியூபெக்ல ஒரு சொலவடையே வந்தது.

தெற்கே அமெரிக்கர்கள் இதுல பாடம் கத்துக்கிட்டதா தெரியல. சுதந்திரம் வாங்கின கையோட, 1784 பிப்ரவரியில நியூயார்க்ல இருந்து சீனாவுக்குக் கிளம்பின அவங்களோட முதல் வணிகக் கப்பல் 'எம்ப்ரஸ் ஆஃப் சைனா'. அதுல முக்கியச் சரக்கே கிட்டத்தட்ட 30 டன் ஜின்செங். அந்த வருஷமே மலைப்பக்கம் பயணம் போன ஜார்ஜ் வாஷிங்டன், ஜின்செங் மூட்டை ஏத்தின குதிரைங்களை வழியில பார்த்ததா டைரியில எழுதியிருக்கார். அடுத்த நூறு வருஷத்துல அப்பலாச்சியன் மலைக்காடுகள்ல வேரைத் தேடித் தேடித் தோண்டி எடுத்தாங்க.

காட்டுல குறைஞ்சதும், தோட்டத்துல போடலாமேன்னு யோசனை வந்தது. 1880-கள்ல நியூயார்க் மாநிலத்துல ஜார்ஜ் ஸ்டான்டன் என்ற தகர வேலைக்காரர் அதைச் செஞ்சு காட்டினார். மரச்சட்டத்தால பந்தல் போட்டு நிழல் கொடுத்து, வரிசையா நட்டு. பார்த்தவங்க எல்லாம் பணக்கனவோட இறங்கினாங்க. இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஏன்னா இங்கதான் காடு திருப்பி அடிக்குது.

காட்டுல ஒரு ஜின்செங் செடிக்கும் அடுத்த செடிக்கும் நல்ல இடைவெளி இருக்கும். பந்தலுக்குக் கீழே இலையோட இலை உரசுற நெருக்கம். ஈரமான வாரத்துல ஒரு இலையில பூஞ்சை வந்தா, பாத்தி முழுக்கப் பரவிடும். கீழே வேர் அழுகல். கார்னெல் பல்கலைக்கழகத்தோட வெட்செல் இந்த நோய்களுக்காகவே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் தாண்டி அறுவடை பண்ணினாலும், அதே மண்ணுல மறுபடி ஜின்செங் சரியா வராது. புது நிலம் தேடணும். விஸ்கான்சின் விவசாயிங்க இன்னைக்கும் அப்படித்தான் இடம் மாறுறாங்க.

அதனால இன்னொரு கூட்டம் காட்டுக்கே திரும்பிப் போச்சு. வடக்கு, கிழக்கு பார்த்த சரிவு. மேல சுகர் மேப்பிள் மாதிரி மரங்கள், முக்கால்வாசி நிழல். மண்ணுல சுண்ணாம்புச் சத்து, தண்ணி தேங்காத வாகு. இலையுதிர் காலத்துல சருகைக் கொஞ்சம் ஒதுக்கி, விதையைத் தூவி, சருகை மேல போட்டு மூடிட்டு வந்துடணும். உழவு இல்லை, உரம் இல்லை, மருந்தும் இல்லை. நெருக்கமா போடாததுதான் மருந்து.

பழம் பழுத்ததுல இருந்து கணக்குப் போட்டா, விதை முளைக்கவே ஒன்றரை வருஷம் ஆகும். முதல் வருஷம் மூணே மூணு சின்ன இலை. விக்கிற அளவுக்கு வேர் வர எட்டு, பத்து வருஷம். கல்லுலயும் வேர்லயும் முட்டி மோதி வளர்றதால அது முறுக்கி, வரி விழுந்து, மனுஷ உருவம் மாதிரி வரும். வருஷத்துக்கு ஒரு தழும்பா கழுத்துல விழும், எண்ணி வயசு சொல்லலாம். சீன வாடிக்கையாளருக்கு வேண்டியது அந்த முறுக்கும் தழும்பும்தான். கொழுகொழுன்னு கேரட் மாதிரி வர்ற தோட்டத்து வேரைவிட இதுக்குப் பல மடங்கு விலை கிடைக்கிறது அதனாலதான்.

1975-லயே இந்தச் செடி அழியும் ஆபத்துள்ள உயிரினங்களோட வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்துல வந்துடுச்சு. அஞ்சு வயசு ஆகாத காட்டு வேரை அமெரிக்காவுல இருந்து ஏற்றுமதி பண்ண முடியாது. பழம் சிவந்த பிறகுதான் தோண்டணும், விதையை எடுத்த இடத்துலயே ஊன்றணும்னு பல மாநிலங்கள்ல சட்டம் இருக்கு.

ஆனா பத்து வருஷம் காத்திருக்கிற விவசாயிக்குப் பூஞ்சையைவிடப் பெரிய பயம் திருடன். வேலி போட்டா, இங்க ஏதோ இருக்குன்னு காட்டிக்கொடுத்த மாதிரி. காட்டைப் பார்த்தா வெறும் காடாவே தெரியணும். கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்காவுல அதிகாரிங்க வேருக்கு ரகசியமா சாயம் பூசி, திரும்ப மண்ணுல புதைச்சாங்க. வியாபாரி கைக்கு வந்த வேர்ல அந்தச் சாயம் தெரிஞ்சா, அது பூங்காவுல திருடினதுன்னு அர்த்தம்.