இராயபுரம் முதல் வள்ளூர் வரை: இருப்புப்பாதை விட்டுச்சென்ற சின்னங்கள்

வரலாறு என்றவுடன் கோட்டைகளும் கொத்தளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் நாம் கடந்து செல்லும் ஒரு சிற்றூர் ரயில் நிலையமும் வரலாற்றுச் சின்னமே என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

தென்னாட்டு இருப்புப்பாதையின் கதை வடசென்னைப் பகுதியில்தான் தொடங்குகிறது. 1837-ஆம் ஆண்டிலேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை நோக்கி ஒரு பாதை இடப்பட்டது. சாலை போடுவதற்கான செம்புறைக்கல்லைச் சுமந்து வருவதே அதன் பணி. பின்னாளில் அணைகள் கட்டிப் புகழ்பெற்ற ஆர்தர் காட்டனின் முயற்சியில் அமைந்தது அது. பம்பாயில் பயணிகள் ரயில் ஓடிய 1853-க்குப் பதினாறு ஆண்டுகள் முந்திய இம்முயற்சிக்கு இன்று கண்ணால் காண ஒரு தடயமும் இல்லை. ஏட்டில் இருக்கிறது, மண்ணில் இல்லை.

இராயபுரத்தின் கதை வேறு. 1856 ஜூன் 28-ஆம் நாள் சென்னை கவர்னர் ஹாரிஸ் பிரபு அந்நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாளன்று வாலாஜா ரோடு வரை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவுக்கு, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊரே அந்த முதற் பயணத்தின் எல்லையாக அமைந்தது. பம்பாய், தாணே, ஹௌரா ஆகிய இடங்களில் தொடக்கத்தில் எழுந்த நிலையக் கட்டடங்கள் மறைந்துவிட்டமையால், துணைக்கண்டத்தில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையம் என்னும் பெருமை இராயபுரத்துக்கே உரியதாயிற்று.

1871-இல் சென்னைப் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. கடல் வழியாகவோ பல நாள் வண்டியிலோ பம்பாய் சென்று கப்பலேறிய ஹஜ்ஜுப் பயணிகளுக்கு அந்த இணைப்பு எத்தகைய அருட்கொடையாக இருந்திருக்கும்! 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழும்வரை, சென்னையிலிருந்து மேற்கே செல்வோருக்கு இராயபுரமே தலைவாயில். பின்னர் அதன் ஒளி மங்கியது, கட்டடமும் நலிந்தது. 2005-இல் செப்பனிடப்பட்டதால் அந்த நெடிய தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

இனி வடக்கே செல்வோம். எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர், மீஞ்சூர் ஆகியவை உப்பளமும் கழிமுகமும் சூழ்ந்த ஊர்கள். உப்பு மூட்டைகள் பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் நகருக்கு வந்த காலமுண்டு. உப்பைச் சேர்த்து வைத்த கொட்டாரங்களின் பெயரைச் சென்னையின் ‘சால்ட் கோட்டர்ஸ்’ சரக்கு நிலையம் இன்றும் தாங்கி நிற்கிறது. 1899-இல் விஜயவாடா வரையிலான பாதை நிறைவுற்றபோது இவ்வூர்களின் போக்கு மாறியது. பழவேற்காட்டு மரைக்காயர் குடும்பங்களுக்குப் பொன்னேரி நிலையமே உலகின் வாசலாயிற்று. 1979-இல் மின்ரயில் வந்தது. இன்று வள்ளூரில் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. கடலோரம் காமராசர் துறைமுகம் இயங்குகிறது.

பெருந்தொழில்கள் வளர வளரச் சிறு சின்னங்கள் கண்ணில் படாமல் போகின்றன. ஓட்டுக் கூரை வேய்ந்த நிலையம், சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த செங்கற்சுவர், நீராவி எஞ்சினுக்கு நீரளித்த கிணறு, கைகாட்டி மரம், சிறு வளைவுப் பாலம் ஆகியவற்றை அரண்மனையோடு ஒப்பிட இயலாது. ஆனால் எந்தச் செங்கல், எந்தக் கைவினை, எத்தகைய உழைப்பு இவ்வட்டாரத்தை உருவாக்கியது என்பதற்கு இவையே சாட்சிகள். ஏழை உழைப்பாளியின் பெயரைக் கல்வெட்டு சொல்வதில்லை. அவன் அடுக்கிய கல் சொல்லும்.

வளர்ச்சி வேண்டாமென்று யாரும் கூறார். அகலமான நடைமேடையும் மேம்பாலமும் மக்களுக்குத் தேவை. 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ‘அம்ருத் பாரத்’ திட்டத்தின்கீழ் நாடெங்கும் நிலையங்கள் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. இடிக்கும் முன் அளந்து, படமெடுத்து, ஊர்ப் பெரியோரின் நினைவுகளை எழுதி வைத்தல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. உறுதியாக நிற்கும் கட்டடத்தை நூலகமாகவோ காத்திருப்புக் கூடமாகவோ மாற்றிப் பயன்படுத்துவதும் இயலாததன்று.

செங்குன்றத்துப் பாதையை நாம் ஏட்டில்தான் தேட வேண்டியிருக்கிறது. இராயபுரத்தையோ பிள்ளைகளின் கைபிடித்து அழைத்துச் சென்று காட்ட முடிகிறது. வடக்குப் பாதையின் சிற்றூர்ச் சின்னங்கள் இவ்விரண்டில் எந்த வழியிற் செல்லும் என்பது, அவற்றை நாள்தோறும் கடந்து செல்லும் நம் கண்களைப் பொறுத்தது.