நகரமைப்பும் நகரமாந்தரும்

நகரமொன்று எத்திசையில், எவ்வாறு வளர்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? ஆள்வோருக்கா, அளவுகோல் ஏந்திய பொறியியலாளருக்கா, அன்றி அந்நகரின் தெருக்களிற் பிறந்து, உழைத்து, மடியும் மாந்தருக்கா? இவ்வினா இன்று புதிதாய் எழுந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவிலும் இலங்கையிலும் பணியாற்றிய பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் தமது வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வினாவிலேயே கழித்தார். அவர் கண்ட விடை எவ்வளவு தூரம் சென்றது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்பது ஆராயத்தக்கது.

1896ஆம் ஆண்டிற் பம்பாய் நகரைக் கொள்ளைநோய் பற்றியது. நோய்க்கு நெருக்கமான குடியிருப்பே காரணம் எனக் கருதிய அரசினர் 1898இல் அங்கு நகரச் சீர்திருத்தக் கழகமொன்றை நிறுவினர். கல்கத்தாவில் அத்தகைய கழகம் 1912இல் தோன்றிற்று. இக்கழகங்களின் முறை எளிது. படத்தின்மீது கோடொன்று இழுக்கப்படும். கோட்டின் வழியில் நின்ற வீடுகள் இடிக்கப்படும். அகன்ற வீதி பிறக்கும். வீடிழந்தோர் எங்கே சென்றனர்? பெரும்பாலும் அடுத்த தெருவுக்கே சென்றனர். அத்தெரு முன்னிலும் நெருக்கமாயிற்று. நெருக்கத்தை நீக்க வந்த திட்டம் நெருக்கத்தை இடம் மாற்றி வைத்ததேயன்றி வேறு செய்ததில்லை.

இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தவர் கெடிஸ். 1854இற் பிறந்த இவர் தொழிலாற் கட்டடக் கலைஞரல்லர், தாவரவியலாளர். டண்டீயில் அப்பாடத்துக்குப் பேராசிரியராய் இருந்தவர். உயிருள்ள செடியை அதன் மண்ணோடும் காற்றோடும் சேர்த்து ஆராயப் பழகிய கண்ணால் நகரத்தையும் நோக்கினார். 1886இல் மணம் புரிந்தபின், எடின்பரோவின் பழைய நகரப் பகுதியில், வறியோர் நெருங்கி வாழ்ந்த அடுக்கு வீடொன்றில் மனைவியோடு குடியேறி, அயலவரையும் சேர்த்துக்கொண்டு சுவர்களுக்கு வெள்ளையடித்து முற்றங்களைத் துப்புரவு செய்தார். நகரச் சீர்திருத்தத்தை அவர் கற்ற பள்ளிக்கூடம் அதுவே எனலாம். நோய் இன்னதெனக் கண்டபின்னரே மருந்து கூறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நகரத்தின் நோயைக் காண்பதற்குப் படம் போதாது. தெருத்தெருவாக நடத்தல் வேண்டும். அவ்வாய்வில் ஊரவரும் பங்குபற்றல் வேண்டும் என்றார்.

அக்காலத்துச் சென்னை ஆளுநராயிருந்த பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். பல்லாண்டு உழைத்துத் திரட்டிய படங்களும் வரைபுகளும் அடங்கிய அவரது நகரக் கண்காட்சி வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தது. அக்கப்பலை ஒற்றோபர் மாதத்தில் ஜெர்மானியரின் எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. (சென்னையிற் குண்டு வீசி, தமிழர் பேச்சுவழக்கிலும் சூழ்ச்சிக்காரனுக்கு ஒரு பெயராய் நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்.) கெடிஸ் தளர்ந்தாரல்லர். நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பியவற்றைக்கொண்டு 1915 ஜனவரியிற் சென்னையிலே கண்காட்சி நடைபெற்றது. தம் நகரின் பழமையும் இன்றைய நிலையும் வருங்காலத் தோற்றமும் குடிமக்களின் கண்முன் ஒருங்கே விரியுமாயின், நகரைப் பற்றிக் கருத்துரைக்கும் துணிவு அவர்களுக்குத் தானே பிறக்கும் என்பது அவர் எண்ணம்.

பின்னர்ச் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் தஞ்சையும் அவற்றுள் அடங்கும். நேர்வீதிகளாற் பழைய தெருக்களை ஊடறுக்கும் திட்டங்களுக்கு மாறாக, காப்புச் சத்திர சிகிச்சை எனத்தகும் ஒரு முறையை அவர் அறிமுகஞ் செய்தார். பாழடைந்து வீழ்ந்த வீடொன்றை அகற்றினால் அங்கே சிறு வெளியொன்று கிடைக்கும். ஒரு மூலையைச் சிறிது வெட்டினால் வண்டி திரும்பும். மரத்தையும் கிணற்றையும் கோயிலையும் விட்டுவைத்தால் ஊரார் கூடும் இடம் நிலைக்கும். இம்முறையில் இடிபடும் வீடுகளும் குறைவு, ஆகும் பணமும் குறைவு. ஆனால் உழைப்பு மிகுதி. மேசையிலிருந்து கோடிழுப்பவனுக்கு இது இயலாது. எந்தச் சுவர் யாருடையது, எந்த வீட்டில் யார் வாழ்கின்றனர் என்பதை அறிந்தவனுக்கே இயலும். நுளம்பை அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முற்பட்ட சுகாதார அதிகாரிகளோடும் அவர் வாதிட்டார். குளத்தில் மீனையும் வாத்தையும் விட்டால் நுளம்பு குறையும். ஊருக்குக் குளிர்ச்சியும் எஞ்சும் என்பது அவர் வாதம்.

கெடிஸின் இந்தியப் பணிகளுள் தலைசிறந்தது இந்தூரில் நிகழ்ந்தது. ஹோல்கார் மன்னரின் தலைநகராகிய அந்நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. கையிற் படத்தோடு தெருக்களிற் சுற்றிய வெள்ளைக்காரக் கிழவரைக் கண்டு மக்கள் ஒதுங்கினர் என அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். காரணத்தை வினவியபோது, கொள்ளைநோயைக் கொண்டுவருபவர் இவரே என மக்கள் நம்புவதாகத் தெரியவந்ததாம். இதனை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. படமேந்தி வருபவனுக்குப் பின்னே வீடிடிப்பவன் வருவான் என்பது அக்கால மக்களின் பட்டறிவு.

இவ்வச்சத்தைப் போக்க அவர் கையாண்ட உபாயம் விந்தையானது. தம்மை ஒருநாள் மகாராசாவாக்கும்படி கேட்டார், மன்னரும் இசைந்தார். 1917ஆம் ஆண்டுத் தீபாவளிக்குப் பெரும் ஊர்வலமொன்று நடைபெறும் என்றும், அது வழக்கமான வழியிற் செல்லாது, எத்தெருக்களில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ அத்தெருக்களின் வழியே செல்லும் என்றும் அறிவித்தார். குப்பையை அகற்ற வண்டிகள் இலவசமாக விடப்பட்டன. தெருவுக்குத் தெரு போட்டி எழுந்தது. ஆறாயிரம் வண்டிக்கு மேற்பட்ட குப்பை அகற்றப்பட்டதாம். வெள்ளையடிக்கப்பட்ட வீடுகள் எண்ணில.

ஊர்வலத்தில் யானைகளும் குதிரைப்படையும் சென்றன. இலக்குமி எழுந்தருளினாள். பின்னே அசுத்தத்தின் உருவங்களாகிய அரக்கரும், நோய் பரப்பும் மாபெரும் எலியும் வந்தன. அவற்றைத் தொடர்ந்து நகரசுத்தித் தொழிலாளர் புத்தாடையும் புதுத் தலைப்பாகையும் அணிந்து, வண்ணந் தீட்டிய வண்டிகளோடு வந்தனர். எருதுகளின் கொம்புகளும் வண்ணம் பெற்றிருந்தன. இந்தூர் நகரமே ஒரு தெய்வமாக உருவகிக்கப்பட்டு, வருங்கால நகரின் படத்தோடு பவனி வந்தது. வீடுதோறும் நடுதற்குத் துளசிக் கன்றுகள் வழங்கப்பட்டன. முடிவில் அரக்கரும் எலியும் எரியூட்டப்பட்டனர். நோய் தணிந்தமைக்குப் பருவமாற்றமும் காரணமாயிருத்தல் கூடும். ஆயின் கிழவரைக் கண்டு ஒதுங்கிய ஊர் அவருடன் பேசத் தொடங்கிற்று என்பதே வரலாற்றுக்கு முதன்மையானது. அறிவிப்புப் பலகையும் அபராதமும் செய்யமாட்டாத ஒன்றை மக்களுக்குப் பழக்கமான திருவிழா செய்து முடித்தது.

எனினும் ஒன்று கூறுதல் வேண்டும். இந்தூர் மக்கள் துப்புரவு செய்தனர், கொண்டாடினர், வருங்கால நகரைக் கண்டு மகிழ்ந்தனர். அந்நகர் எவ்வாறு அமைதல் வேண்டும் எனத் தீர்மானித்தவர் அவர்களல்லர். 1918இல் இரு தொகுதிகளாக வெளிவந்த கெடிஸின் விரிந்த அறிக்கை அரசவைக்கே சமர்ப்பிக்கப்பட்டது. நகரமைப்பு என்பது இடத்தை மட்டும் அமைப்பதன்று, மக்களை மனத்திற்கொண்டு அமைப்பது என அவ்வறிக்கையில் வற்புறுத்தியவர், தம்மை ஒருநாள் மன்னராக்கக் கேட்டாரேயன்றி மக்களை ஒருநாளேனும் சபையிலிருத்தக் கேட்டாரல்லர். சமத்தான அரசு ஒன்றில் ஊதியம் பெற்ற அறிஞருக்கு அதற்கு மேற்செல்ல இடமிருந்ததா என்பதும் ஐயமே.

இலங்கைக்கு அவர் பணி 1921இல் எட்டியது. கொழும்பு நகருக்கென அவர் எழுதிய முதனிலை அறிக்கை அவ்வாண்டில் வெளிவந்தது. கறுவாத்தோட்டத்து நிழல்மரச் சாலைகளைக் கண்டோர் கொழும்பைத் தோட்டநகரம் எனப் பேசுவதற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணமாயிற்று. ஆனால் அச்சாலைகளுக்குச் சிறிது தொலைவில் இருந்த முடுக்குகளுக்குத் தோட்டநகரக் கனவு எட்டவில்லை. 1946இல் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1948இல் அபர்குரொம்பி என்னும் ஆங்கில அறிஞர் கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வகுத்தார். இத்தகைய சட்டங்கள் குடிமகனுக்கு அளித்த இடம் ஆட்சேபணை கூறும் இடமே. திட்டம் வரைந்து முடிந்தபின் அது பார்வைக்கு வைக்கப்படும். குறித்த காலத்துள் மறுப்புண்டேல் எழுதித் தெரிவிக்கலாம். எழுதத் தெரிந்தவனுக்கும் உறுதி வைத்திருப்பவனுக்கும் இது பயன்படும். முடுக்கில் வாழ்வோனிடம் காணியுறுதி ஏது?

இந்த ஒழுங்கு தலைகீழாக மாறியது 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின்போதாகும். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே கொழும்பின் தோட்டங்களில் சமுதாய அபிவிருத்திச் சபைகள் உருவாகியிருந்தன. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலர்கள் ஒரு தோட்டத்துக்குச் சென்று, அங்குள்ளோருடன் பட்டறை நடத்தினர். ஒழுங்கை எவ்வளவு அகலமாயிருத்தல் வேண்டும், குழாயும் மலசலகூடமும் எங்கே அமைதல் வேண்டும், எவர் வீடு எவ்வளவு பின்வாங்குதல் வேண்டும் என்பன அங்கேயே பேசித் தீர்க்கப்பட்டன. ஒழுங்கையை அகலமாகக் கேட்டவன் தன் திண்ணையை இழக்கவேண்டியிருந்தது. ஆதலின் பேச்சு வெறும் பேச்சாயிருக்கவில்லை. குடும்பமொன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு பேர்ச் நிலமே கிடைத்தது. பொதுவான கட்டட விதி அவ்வளவு சிறிய காணியை ஏற்பதன்று. எனவே அத்தோட்டத்துக்கெனத் தனி விதிகளை அங்கு வாழ்வோரே வகுத்துக்கொண்டனர். கிணறு, வடிகால், நடைபாதை போன்ற சிறு வேலைகளை ஒப்பந்தகாரருக்கு அளியாது சபைகளுக்கே அளிக்கும் வழக்கமும் தோன்றிற்று. தெருவை நடந்தறிதல் வேண்டும் என்ற கெடிஸின் விதி இங்கு ஒருபடி மேற்சென்றது. நடந்தறிய வேண்டிய தேவையற்றோர், அத்தெருவிலேயே வாழ்வோர், அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடித்தனர்.

திட்டத்திற் குறைகள் இருந்தன. வாடகைக்கிருந்தோர் பட்டியலில் இடம்பெறுவது கடினம். சபைகளிற் சில கட்சிச் செல்வாக்குக்கு உட்பட்டன. காணியுறுதி பலருக்குக் கைக்கெட்டவில்லை. இக்குறைகளுள் இறுதியிற் கூறியதே பின்னாளிற் பெருந்துன்பமாய் விளைந்தது. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் நகர அபிவிருத்தி அதிகாரசபை கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்தோரை உயர்ந்த மாடிக் குடியிருப்புக்களுக்கு மாற்றத் தொடங்கிற்று. நிலத்தின் வணிக மதிப்பே அத்திட்டத்தின் கணக்காயிருந்தது. அவ்வாறு மாற்றப்பட்டோருள், பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்திற் பட்டறையிலமர்ந்து ஒழுங்கையின் அகலத்தைத் தாமே பேசித் தீர்த்து, இரண்டு பேர்ச் நிலத்திற் கல்வீடு கட்டியிருந்த குடும்பங்களும் இருந்தன.