கூச்சலுக்கு நடுவுல நாலு பேரு

லைவ் ரெக்கார்டிங் நல்லா இருக்குன்னு எதை வெச்சுங்க சொல்றது? சுத்தமா கேக்கறதா, அங்கயே நின்ன மாதிரி இருக்கறதா? என்னை இந்தக் குழப்பத்துல இழுத்து விட்டது பீட்டில்ஸோட ஹாலிவுட் பவுல் கச்சேரிகள்தான்.

1964 ஆகஸ்ட் 23, அப்புறம் 1965 ஆகஸ்ட் 29, 30. கேபிடல் கம்பெனி பதிவு செஞ்சது மூணு டிராக் டேப்புல. மூணே மூணு! (இப்போ டிரம்ஸுக்கு மட்டுமே அதைவிட அதிக மைக்.) மேடையில மானிட்டர் ஸ்பீக்கர் கிடையாது. முன்னாடி நிக்கறவங்க உடம்பு ஆடறதைப் பாத்துத்தான் ரிங்கோ தாளம் பிடிச்சாராம். ஆயிரக்கணக்கான ரசிகர்களோட கூச்சல் எல்லா மைக்குலயும் புகுந்துடுச்சு. வேலைக்காகாதுன்னு டேப்பை ஓரங்கட்டிட்டாங்க.

1977ல ஜார்ஜ் மார்ட்டின் அதைத் தூசி தட்டினார். பழைய மெஷின் சூடாகிட்டே இருக்க, வேக்குவம் கிளீனரைத் திருப்பி வெச்சு காத்து ஊதி ஊதி 24 டிராக்குக்கு மாத்தினாங்க! அந்த எல்பி பிரிட்டன்ல முதலிடம் வந்தது. ஆனா பேஸ் டிரம்மை அதுல தேடித்தான் பிடிக்கணும்.

2016ல அவர் மகன் ஜைல்ஸ் மார்ட்டினோட மிக்ஸ். அபே ரோடு ஸ்டூடியோ மென்பொருளால கூச்சலைப் பிரிச்சு பின்னால தள்ளினாங்க. டிரம்ஸும் பேஸும் முன்னாடி வந்தாச்சு. ஒருத்தருக்கொருத்தர் சரியா கேக்காமலே இவ்வளவு கச்சிதமா வாசிச்சிருக்காங்களேன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது. மிக்ஸா பாத்தா மகனுக்குத்தான் மார்க்.

ஆனாலும் அப்பாவோட எல்பியைத் தள்ளி வைக்க மனசு வரலை. ரிங்கோ காதுல அன்னிக்கு விழுந்தது அந்த இரைச்சல்தானே!